ஸ்தோத்திரம் மாப்பிள்ளை உப்பு மறந்த நாள்

எங்கள் பேக்கரியில் மாவு பிசைகிற மனிதரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவர் என் தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை முறை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பேக்கரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேக்கரியைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு நான் கூச்சப்படுகிறவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அடுத்தவர் கடையில் தட்டு கழுவி, தட்டு சுமந்து, அடுப்பு வாயில் புருவம் கருகி, கடைசியில் அதே தெருவில் அந்தக் கடையைவிடப் பெரிய கடை போட்டேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் என் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். நான் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. என் ரொட்டியை விரலால் அழுத்திப் பாருங்கள், பஞ்சு மாதிரி உள்ளே போய் அப்படியே எழும்பி வரும். இதை நான் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. நான் எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

"எல்லாம் இந்தக் கையால வந்தது" என்று நான் யாரிடமாவது கையை நீட்டிக் காட்டும்போதெல்லாம் மாவு மெஷின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்.

"ஸ்தோத்திரம்!"

அதுதான் மாப்பிள்ளை.

ஆள் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒல்லி உடம்பு, இமை வரை மாவு. நடந்து போனால் பின்னாலேயே ஒரு வெள்ளைக் கோடு போகும். பட்டம் இல்லை, பதவி இல்லை, ஆலயக் கமிட்டியில் பெயர் இல்லை. இவரைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? அதனால்தான் நான் பேனாவை எடுத்தேன். என் தங்கைக்கு இவரைப் பார்த்துப் பொறுக்கி எடுத்ததும் நான்தான். அந்தப் பெருமையும் எனக்குத்தான் சேர வேண்டும்.

மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் ஸ்தோத்திரம். மேலே அடுக்கிய மூட்டை சரிந்து யார் காலிலும் படாமல் விழுந்தால் ஸ்தோத்திரம். அடுப்புக்காரருக்குத் தும்மல் வந்து, தட்டுக்கு முன்னால் வராமல் தட்டுக்கு அப்புறம் வந்தால் அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். கடையில் எல்லோரும் அவரை 'ஸ்தோத்திரம் அண்ணன்' என்றே கூப்பிட்டார்கள். எனக்கு ஆரம்பத்தில் காது எரியும்.

"மாப்ள, மின்சாரம் வரல, ஜெனரேட்டர் ஓடுது. அதை வாங்கிப் போட்டது நான்" என்றேன் ஒரு நாள்.

"ஆமா மச்சான்! வாங்கணும்கிற புத்தியை உங்களுக்குக் கொடுத்தாரு பாருங்க, அதுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்!"

நானும் கர்த்தருக்குப் பயந்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்காருகிறவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறு, திங்கட்கிழமை வேறு என்று நினைப்பவன். மாப்பிள்ளைக்கு அந்த வித்தியாசமே கிடையாது.

காலையில் மாவுத் தொட்டியின் மேல் போட்ட ஈரத் துணியை எடுப்பது அவர் வேலை. துணியை விலக்கினால் தொட்டி நிறைய மாவு எழும்பி நிற்கும். தினமும் நடக்கிற காரியம். ஆனால் அவர் தினமும் கத்துவார்:

"வாங்க, வாங்க, எல்லாரும் வந்து பாருங்க! நாம ஒருத்தரும் கை வெக்கல. தூங்கிட்டோம். தானா எழும்பி நிக்குது பாருங்க!"

"ஈஸ்ட் போட்டா எழும்பத்தான் செய்யும். இதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க?" என்பார் அடுப்புக்காரர்.

"சரி அண்ணே. ஈஸ்டுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"ம்... உங்க மச்சான்தான். இந்தக் கடையில வேற யாரு பேச முடியும்?"

கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் என் தங்கை படுத்தாள்.

என் தங்கை சாதாரண ஆள் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தால் தெருமுனை வரை அவள் குரல் கேட்கும். "நேத்து பன்னு கொஞ்சம் கெட்டியா இருந்துச்சும்மா" என்று யாராவது சொன்னால், "நேத்து வாங்கினதை இன்னிக்குத் தின்னா கெட்டியாத்தான் இருக்கும், பல்லை மாத்துங்க" என்பாள். அப்படிப்பட்டவள் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தாள். கால் வீங்கியது. கல்லாவிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. மாற்றிவிடலாம், அது இப்போதெல்லாம் நடக்கிற காரியம்தான். ஆனால் ஒரு சிக்கல். "இந்த உடம்புல நான் கத்தி வெக்க மாட்டேன். தாங்காது. நல்லா சாப்பிட்டுத் தேறி வரட்டும், அப்புறம் பண்ணலாம். ஆனா ரொம்ப நாளும் தள்ள முடியாது, அதையும் சொல்லிடறேன்" என்றார். அதோடு உப்புக்கும் தடை போட்டார். உப்பு சேர்ந்தால் உடம்பில் தண்ணீர் தங்கும், மூச்சு முட்டும். சாப்பாட்டில் உப்பு கூடாது. ஊறுகாய் கூடாது. "முக்கியமா கடை ரொட்டி, பன்னு, பிஸ்கட் எதையும் தொடக் கூடாது. எல்லாத்துலயும் உப்பு இருக்கு."

ரொட்டிக் கடைக்காரன் தங்கைக்கு ரொட்டி கூடாது! எப்படி இருக்கும் எனக்கு?

அவள் சாப்பிட்டால் பிழைப்பாள். சாப்பிடாவிட்டால் ஆபரேஷன் இல்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத முட்டை, உப்பில்லாத வேகவைத்த காய். ஒரு வாய் வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "சுவத்தை நக்குற மாதிரி இருக்கு அண்ணா" என்பாள். என் மனைவி தேனை ஊற்றிப் பார்த்தாள், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பார்த்தாள். இறங்கியதும் பாதி திரும்பி வந்தது. கன்னம் ஒட்டிப் போயிற்று. அந்தக் குரல் இருக்கிறதே, தெருமுனை வரை போன குரல், அது கட்டிலைத் தாண்டவில்லை.

ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின் தெருவில்தான் அந்த ஒற்றை அறை வீடு. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கிண்ணத்தில் கஞ்சி ஆடை கட்டிப்போயிருந்தது. நின்றிருந்த மின்விசிறி அப்போதுதான் சுற்ற ஆரம்பித்தது.

"ஸ்தோத்திரம்!" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம்! "யோவ் மாப்ள! பொண்டாட்டி ஒரு வாய் சாப்பிடாம கிடக்கா, நீங்க ஃபேனுக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டு இருக்கீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "மூச்சு வாங்குறவளுக்குக் காத்து பெரிய விஷயம் இல்லியா மச்சான்?" என்றார்.

"சரி, அவ சாப்பிடலயே! அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"அதுக்கு ஒண்ணும் சொல்லல மச்சான். அதை இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கட்டிலிலிருந்து தங்கை மெதுவாக, "சண்டை போடணும்னா கடையில போய்ப் போடுங்க. இங்க காத்து வரட்டும்" என்றாள்.

இப்போது எங்கள் கடையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது நான் போட்ட சட்டம். மாவு பிசையும்போது மாவு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் ஒன்று சேர்ந்து உருண்டு வந்த பிறகுதான் உப்பைப் போடுவோம். முன்னாலேயே தராசில் நிறுத்து வைத்திருக்கும் உப்பை மாப்பிள்ளை கொட்டிவிட்டு, "உப்பு!" என்று கத்த வேண்டும். அடுப்புக்காரர் திரும்பிப் பார்த்து, "போட்டாச்சு!" என்று கத்த வேண்டும். மெஷின் சத்தத்தில் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். சர்க்கரை குறைந்தால் யாருக்கும் தெரியாது. உப்பு மறந்தால் அந்த ரொட்டியை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. இந்தச் சட்டம் போட்ட நாளிலிருந்து அதுவரை என் கடையில் உப்பு தவறியதே இல்லை. மற்ற பேக்கரிக்காரர்கள் என்னிடம் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் கடையிலும் இதைப் போட்டார்கள். நன்றி மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சண்டைக்குச் சில நாள் கழித்து ஒரு மதியம், பெரிய ஹோட்டல் ஒன்றுக்கான ரொட்டிக்கு மாவு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் தங்கையை என் மனைவி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். மாவு உருண்டு வந்த நேரம். மாப்பிள்ளை உப்பை எடுக்கக் கையை நீட்டினார். சட்டைப் பையில் போன் அடித்தது. என் மனைவிதான்.

"அண்ணா, டாக்டர் இப்பவும் முடியாதுன்னுட்டாங்க. போன தடவையைவிட இளைச்சுட்டாங்களாம். ரத்தத்துல சத்தே இல்லையாம். இப்படியே போனா..."

மாப்பிள்ளை போனைப் பைக்குள் போட்டார். முகம் மாவைவிட வெளுத்துவிட்டது என்று பிறகு அடுப்புக்காரர் சொன்னார். கை எங்கேயோ, மனம் எங்கேயோ. ஆனால் வாய்க்கு வழக்கம் இருக்கிறதே! மெஷின் அந்தச் சுற்றுக்கு வந்ததும் வாய் தானாகவே கத்தியது:

"உப்பு!"

அடுப்புக்காரர் அதற்குள் அடுப்புக்குள் தலையை விட்டிருந்தார். அவருக்கும் வாய்க்கு வழக்கம் இருக்கிறதே! திரும்பிப் பார்க்காமலே கத்தினார்:

"போட்டாச்சு!"

உப்பு தராசிலேயே இருந்தது.

தவறே நடக்கக் கூடாது என்று நான் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டே இரண்டு பேரும் தவறு செய்தார்கள்! சட்டம் இல்லாத கடையாக இருந்தால் யாராவது ஒருவர் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருப்பார்.

மாவு அன்றைக்கு வெறி பிடித்த மாதிரி எழும்பியது. உப்புதானே ஈஸ்டுக்குக் கடிவாளம்! "இன்னிக்கு என்ன இவ்வளவு அவசரம் இந்த மாவுக்கு?" என்று அடுப்புக்காரர் திட்டிக்கொண்டே அச்சுகளை உள்ளே தள்ளினார். ரொட்டி வெளுத்துப் போய் வந்தது. வெயிலாக இருக்கும் என்று பேசிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் நான் கல்லாவில் இருக்கிறேன். ஹோட்டலிலிருந்து போன்.

"ஐயா, ரொட்டி அனுப்பியிருக்கீங்களா, தலையணைப் பஞ்சு அனுப்பியிருக்கீங்களா?"

"யார்கிட்ட பேசுறீங்கன்னு தெரியுதா?" என்றேன் நான்.

"தெரியுது ஐயா. அதனாலதான் மரியாதையா கேக்குறேன். வண்டியில திருப்பி அனுப்பிட்டோம்."

வண்டி வந்தது. அச்சு அச்சாக, அனுப்பினபடியே திரும்பி வந்தது. என் வாழ்நாளில் என் சரக்கு திரும்பி வந்ததில்லை! ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். ருசியே இல்லை. துணியை மென்ற மாதிரி இருந்தது. நேராகத் தராசிடம் போனேன். உப்பு வெள்ளைக் கோபுரமாக, யாரும் தொடாத மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தது.

நான் கத்திய கத்தலில் அடுத்த கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு போட்டாச்சுன்னு சொன்னது? எந்தக் கண்ணு பாத்துச்சு?"

"அண்ணன் உப்புன்னு கத்தினாரு முதலாளி, நான் போட்டாச்சுன்னு கத்தினேன். முறைப்படிதான் நடந்துச்சு" என்றார் அடுப்புக்காரர்.

"முறைப்படி என் மானம் போச்சு!"

மாப்பிள்ளை மெதுவாக வந்தார். ஒரு ரொட்டியை எடுத்தார். ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். இன்னும் கொஞ்சம் கிள்ளினார். கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"மச்சான்... இதுல உப்பே இல்ல!"

"அதைத்தானய்யா இவ்வளவு நேரமா கத்திக்கிட்டு இருக்கேன்!"

"இல்ல மச்சான். உங்களுக்குப் புரியல. இதுல உப்பே இல்ல!"

"மாப்ள, எனக்கு இருக்குற ஆத்திரத்துல..."

"மச்சான்!" என்று அவர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். முதலாளியை! மாவுக் கையோடு! "ரொட்டி மச்சான்! உப்பில்லாத ரொட்டி!"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நாங்கள் எல்லோரும் ரொட்டிக்காரர்கள். உப்பில்லாத கஞ்சி யோசித்தோம், உப்பில்லாத முட்டை யோசித்தோம். உப்பில்லாத ரொட்டியை ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் தொழிலில் அது ரொட்டியே கிடையாது. அப்படி ஒன்றைச் செய்ய எங்கள் கை தானாக ஒருநாளும் நீளாது. செத்தாலும் நீளாது!

அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். கக்கத்தில் ரொட்டி, இடுப்பில் மாவுத் துணி. பின்னால் நான் ஓடினேன். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு! தெருவில் போனவர்கள் கடை பற்றி எரிகிறதோ என்று நினைத்து ஒதுங்கினார்கள். "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று நான் கத்திக்கொண்டே போனேன். என் பின்னால் அடுப்புக்காரரும் கரண்டியோடு ஓடி வந்தார். எதற்குக் கரண்டி என்று அவருக்கே தெரியாது.

தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை ஒரு துண்டு வெட்டி, வெறும் கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டினார். அறை முழுக்க ரொட்டி வாசனை. அவள் திரும்பினாள்.

"என்னங்க அது?"

"ரொட்டி."

"கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"உப்புதான் மறந்துபோச்சு! உப்பே போடல இதுல!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வாங்கி ஓரத்தைக் கடித்தாள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. மென்றாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். அடுப்புக்காரர் கரண்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணா இது? இவ்வளவு மோசமா ஒரு ரொட்டியை நீ செஞ்சு நான் பாத்ததே இல்ல" என்றாள்.

எங்கள் முகம் விழுந்துவிட்டது.

"ஆனா ரொட்டிதான். நாக்குக்குத் தெரியல, பல்லுக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு மீதியையும் கடித்தாள். துண்டு தீர்ந்தது. கையை நீட்டினாள். "இன்னொண்ணு குடுங்க. நல்லா வாட்டிக் குடுங்க."

மாப்பிள்ளை போட்ட ஸ்தோத்திரத்தில் மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்!

இரண்டாவது துண்டுக்குள் முட்டையை வைத்துக் கொடுத்தோம். அதுவும் போயிற்று. திரும்பி வரவில்லை. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "உங்க கையிலிருந்து உப்பைப் பிடிச்சு வெச்சது கர்த்தர்னு சொல்லப் போறீங்க, அதானே?"

"அதேதான்!"

"அப்போ என் நெஞ்சைக் கெடுத்தது யாரு?"

பிரசங்கியார் யாராவது இருந்திருந்தால் இதற்கு நீளமாகப் பதில் சொல்லியிருப்பார். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து அவள் வீங்கின காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே யோசித்தார்.

"அது எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல. தெரியாததைப் பத்திப் பேச எனக்கு வாய் இல்ல. கண்ணுக்குத் தெரியுறதைப் பாத்தும் பேசாம இருந்தா நான் நன்றி கெட்டவன். நீ ரெண்டு துண்டு சாப்பிட்ட. அது எனக்குத் தெரியுது."

அவள் காலை அவர் மடியில் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "உப்பு சுத்தமா இல்லேன்னா தாராளமா குடுங்க. மாவுல முட்டை, பால் சேத்துப் பிசைஞ்சா இன்னும் நல்லது" என்றார். மறுநாளே தனியாக ஒரு சின்னத் தொட்டியில் மாவு போட்டோம். அது படுத்துக்கொண்டது! கையில் பசை மாதிரி ஒட்டியது, அச்சில் ஊற்றினால் பொங்கி வழிந்தது, அடுப்பில் வைத்ததும் நடுவில் குழி விழுந்து அமர்ந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. தெரியாமல் செய்தபோது ஏதோ வந்த ரொட்டி, தெரிந்து செய்யும்போது வரவில்லை. அவளுக்கோ பசி திறந்துவிட்டது. என்ன கொடுத்தோம் என்கிறீர்களா? ஹோட்டல்காரர் திருப்பி அனுப்பினாரே, அந்த ரொட்டிதான்! வாட்டி வாட்டிக் கொடுத்தோம். ஹோட்டல்காரர் பொறுத்துக்கொண்டு வைத்திருந்தால் அன்றைக்கு எங்கள் கையில் ஒன்றும் இருந்திருக்காது. "பாத்தீங்களா மச்சான், உங்க மானம் போனது எவ்வளவு பிரயோஜனமா போச்சு!" என்றார் மாப்பிள்ளை. வேறு யார் சொல்லியிருந்தாலும் கன்னத்தில் விழுந்திருக்கும்.

பிறகு நானே சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இதை விரிவாகச் சொல்வேன், ஏனென்றால் இது என் வேலை. உப்பில்லாத மாவு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி. அதைக் குளிரால் கட்டினேன். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் பிசைந்தேன். ஈஸ்டைப் பாதியாக வெட்டினேன். ருசிக்கு என்ன செய்வது? முதல் நாள் மாவில் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்துப் புளிக்கவிட்டு, அதை மறுநாள் மாவில் சேர்த்தேன். லேசான ஒரு புளிப்பு வந்து உப்பின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது! மேல் தோல் நன்றாகச் சிவக்கும் வரை அடுப்பில் விட்டேன். அச்சைத் தட்டினேன், ரொட்டி தொப்பென்று விழுந்தது. குழி இல்லை. சரிவு இல்லை. அழுத்தினால் எழும்பி வந்தது! நான் குதித்தேன். அடுப்புக்காரர் குதித்தார். என்னைக் கேட்டால், உப்பில்லாமல் அப்படி ஒரு ரொட்டியை இந்த ஊரில் செய்ய ஒரே கைதான் இருக்கிறது.

"அந்தக் கையைச் செஞ்சது யாரு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"தெரியும், தெரியும். மாவை மூடுங்க" என்றேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். அடுத்தவன் அடுப்பில் நான் பட்ட சூடெல்லாம் இந்த ஒரு ரொட்டிக்காகத்தானோ என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்து நான் தேடியவர் வாரம் முழுக்க என் மாவுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். பிசைந்தது நான், விடவில்லை அந்தப் பெருமையை. பிசைய வைத்தவர் அவர்.

அன்றிலிருந்து கடையில் தினமும் இன்னொரு சத்தம். சின்னத் தொட்டி ஓடும்போது மாப்பிள்ளை "உப்பு!" என்று கத்துவார். அடுப்புக்காரர் வேலையை விட்டுவிட்டு நேரில் வந்து, தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "போடல!" என்று கத்துவார். வாங்க வந்தவர்கள் மிரண்டு போவார்கள்.

காலையில் ரொட்டியும் பாலும், மதியம் ரொட்டிக்குள் முட்டை, மாலையில் ரொட்டிக்குள் பருப்பு. எதை உள்ளே வைத்தாலும் ரொட்டியோடு சேர்த்து இறங்கியது. காலில் வீக்கம் வடிந்தது. ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போதே, "அண்ணா, நேத்து ரொட்டி ஒரு பக்கம் கருகிப்போச்சு, அடுப்புக்காரர் தூங்கிட்டாரா?" என்று கேட்டாள். அந்தக் குரல் வாசலைத் தாண்டிப் போயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், தாழ்வாரத்தில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். "சேத்துடுங்க. பண்ணிடலாம்" என்றார்.

ஆபரேஷன் அன்று கதவுக்கு வெளியே அவர் உட்கார்ந்திருந்த மாதிரியை நான் மறக்க மாட்டேன். வாயில் ஒரு சத்தம் இல்லை. எங்கள் சபையார் சிலர் வந்து, "தைரியமா இருங்க, எல்லாம் நல்லபடியா முடியும்" என்றார்கள். "முடியட்டும். முடியலன்னாலும் இத்தனை நாள் அவ பசிச்சுச் சாப்பிட்டதை நான் கண்ணால பாத்தேன். அதை யாரும் என்கிட்ட இருந்து எடுக்க முடியாது" என்றார். எனக்கு அவ்வளவு விசுவாசம் கிடையாது. நான் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டு, விசாரித்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா முகத்துணியை இறக்கினார். "நல்லா முடிஞ்சுது. நல்லா தாங்கினாங்க."

சில நாள் கழித்து வார்டில் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா சுற்றி வந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாப்பிள்ளை.

"நிஜமாவே ஆச்சரியமா இருக்கு. அந்த நிலைமையில இருந்து எப்படித் தேத்துனீங்க?" என்று கேட்டார்.

"கர்த்தர் தேத்தினாரு டாக்டர்" என்றார் மாப்பிள்ளை.

"என் கையால ரொட்டி செஞ்சு போட்டேன் டாக்டர்" என்றேன் நான், அதே நேரத்தில்.

"அந்த ரொட்டியே அவர் கொடுத்த யோசனைதான் மச்சான்."

"நான் எங்க இல்லேன்னேன்? யோசனை அவரோடது, வேலை என்னோடது."

"வேலை செய்யுற பலம்?"

"சரி, பலமும் அவரோடது. பனிக்கட்டி போடணும்னு கண்டுபிடிச்சது?"

"அதுவும்..."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றாள் தங்கை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கர்த்தர் கொடுத்தாரு, அண்ணன் செஞ்சான், எல்லாம் சரிதான். அந்த ருசி கெட்ட ரொட்டியை இத்தனை நாளா மென்னு முழுங்கினது யாருன்னு டாக்டர்கிட்ட யாராவது சொன்னீங்களா?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. மாப்பிள்ளை குனிந்து அதை எடுத்தார். எடுத்துக்கொண்டே, கட்டிலுக்குக் கீழே, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.